கடைசி முப்பது அடி

அத்தியாயம் 11

பட்டியில் செவலைக் கிடாயைக் காணவில்லை.

சுருளிவேல் கேமராவைத் தோளிலிருந்து இறக்காமலே படலை விலக்கி உள்ளே பார்த்தான். தாய் ஆடுகள் மூன்றும் குட்டிகளும் அசைபோட்டபடி படுத்திருந்தன. கிடாய் கட்டும் மூலையில் முளைக்குச்சி மட்டும் நின்றது. கிழக்கே வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் அரைமணி நேரத்தில் சூரியன் தலைகாட்டிவிடும். அந்த வெளிச்சத்துக்காகத்தான் அவன் இந்த விடியலைக் கடைசியாக ஒதுக்கி வைத்திருந்தான்.

சுருளிவேல் மதராஸில் சினிமாத் தொழில் படிக்கிறவன் என்பது வடமதுரைச் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. 1960-ல் இடம் கிடைத்தபோது, கூத்தாடப் போகிறான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அண்ணன் வேலுசாமி யாருக்கும் பதில் சொல்லாமல் தம்பியை ரயிலேற்றிவிட்டு வந்து வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் அவர் முடிவுதான் முடிவு. இப்போது கடைசி வருடம். பரீட்சைக்காக ஒவ்வொரு மாணவனும் சொந்தமாக ஒரு சின்னப் படம் எடுத்துக்கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடம், வசனம் கிடையாது. கல்லூரிக் கேமராவோடு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து இறங்கியவன், சனிக்கிழமை காலை கேமராவையும் எடுத்த பிலிமையும் கொண்டுபோய் ஒப்படைத்தாக வேண்டும்.

படத்தின் கதை சின்னதுதான். நிலத்தில் பாடுபடுகிற ஒரு சம்சாரி ஒரு கிடாய் வளர்க்கிறான். ஒருநாள் அது காணாமல் போகிறது. ஊரெல்லாம் தேடிக் களைத்துப்போய் அவன் வாசலில் உட்கார்ந்திருக்கும் விடிகாலையில், அது தானாகவே வரப்பு வழியாக வீடு திரும்புகிறது. சம்சாரியாக வேலுசாமியே நடித்தார். நான்கு நாட்களில் மற்றதெல்லாம் எடுத்து முடிந்தது. கிடாய் திரும்பி வருகிற காட்சி ஒன்றுதான் பாக்கி. கேமராவில் மிச்சமிருந்தது முப்பது அடி பிலிம். ஓடவிட்டால் ஐம்பது விநாடி.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த மதினி ஜக்கம்மாள் அவன் வேகமாக வருவதைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தாள். செவலை எங்கே என்று கேட்டான்.

"உங்க அண்ணன் நாலு மணிக்கே ஓட்டிட்டுப் போயிட்டாக. இன்னிக்கு வியாழக்கிழமை, அய்யலூர்ச் சந்தையில்ல. உங்ககிட்டக் கேட்டுட்டேன்னு சொன்னாகளே தம்பி."

கேட்டது உண்மைதான். நேற்று மாலை அவன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் பக்கத்தில் வந்து நின்று, கிடாய் வேலை முடிந்ததா என்று கேட்டார். அன்றைய வேலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முடிந்தது என்று சொல்லிவிட்டான்.

அது நினைவுக்கு வந்தபோது அவனுக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. அண்ணனுக்கு இதெல்லாம் ஒரு விளையாட்டு, படிப்பென்று நினைத்திருந்தால் இன்னொரு தரம் கேட்டிருப்பார் என்று முணுமுணுத்தான்.

ஜக்கம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "விளையாட்டுன்னு நெனைக்கிறவுக ஒரே வரப்புல பதினோரு தடவ நடப்பாகளா? வெங்காயம் மூணு நாளாத் தண்ணி பாக்காமக் கெடக்கு. உங்ககிட்ட அதப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாகளா?"

சுருளிவேல் வெங்காயப் பாத்திப் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

அவள் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். தானும் வருவதாகச் சொன்னாள். ஆயிரம் ஆட்டுக்கு நடுவில் செவலையை அடையாளம் கண்டுபிடிக்க அவனால் முடியாது. தாய் செத்துப்போன அந்தக் குட்டியைச் சங்கில் பால் புகட்டி வளர்த்தவள் அவள்தான்.

திருச்சி போகிற முதல் பஸ் கிடைத்தது. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தான். மதினியைத் துணைக்கு அழைத்துப் போவதில் அவனுக்கு ஒரு தைரியம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது.

திங்கட்கிழமை காலை அண்ணன் ஆட்டுக்குத் தழை ஒடித்துக் கட்டிய குழைக்கட்டோடு வருகிற காட்சியைப் பாதி எடுத்தபோது மேகம் வந்து மறைத்துவிட்டது. மீதியை மத்தியானம் எடுக்கத் தயாரானான். மல்லிகைச் செடிகளுக்கு நடுவில் களை எடுத்துக்கொண்டிருந்த ஜக்கம்மாள் அங்கிருந்தபடியே, காலையில் துண்டு இடது தோளில் கிடந்தது, இப்போது வலது தோளில் கிடக்கிறதே என்றாள். வேலுசாமிக்கே அது நினைவில்லை. அவன் நோட்டை எடுத்துப் பார்த்தான். காலையில் அவனே குறித்து வைத்து மறந்துபோனது: துண்டு, இடது.

அப்படியே எடுத்திருந்தால் திரையில் ஒரே நடையில் துண்டு தோள் மாறித் தாவியிருக்கும். மறுநாளும் அரிவாள் எந்த இடுப்பில் இருந்தது, குழைக்கட்டின் தாம்புக்கயிறு எந்தப் பக்கம் முடிந்திருந்தது என்று கேட்கக் கேட்கச் சொன்னாள். பெரிய ஸ்டூடியோக்களில் இதையெல்லாம் கவனிப்பதற்கென்றே ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார் என்று அவன் சொன்னபோது, அது ஒரு வேலையா என்று சிரித்தாள். பிறகு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அய்யலூரில் இறங்கும்போதே சந்தை பாதி கலைந்திருந்தது.

மைதானம் முழுக்க ஆடுகளின் கத்தலும் புழுதியும். செம்மறிகள் கும்பல் கும்பலாக நெருக்கியடித்து நின்றன. புளியமரங்களுக்கு அடியில் லாரிகளில் ஆடுகளைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து முன்னால் போனாள்.

அவர்கள் முதலில் கண்டது வேலுசாமியைத்தான். டீக்கடை பெஞ்சில், வெள்ளைச் சட்டை போட்டு, கையில் டீயோடு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆடு ஒன்றுகூட இல்லை. இருவரையும் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நகர்ந்து இடம் கொடுத்தார். தம்பிக்குப் பிடிக்குமென்று வாங்கியிருந்த சீரணி மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார்.

சுருளிவேல் அதை வாங்கவில்லை.

"செவலைய வித்துட்டீங்களா?"

"நல்ல கை கெடச்சுச்சுப்பா. வந்தவொடனே முடிஞ்சிருச்சு."

"கடைசிக் காட்சி அதை வச்சுத்தான் எடுக்கணும். நாலு நாளா எடுத்ததெல்லாம் இப்ப ஒண்ணுக்கும் ஆகாது. மூணு வருசம் நான் படிச்ச படிப்பை ஒரு காலையில வித்துட்டு உக்காந்து டீ குடிக்கிறீங்க."

டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலுசாமியின் கை நீட்டிய பொட்டலத்தோடு அப்படியே நின்றது.

"நேத்து கேட்டனே அப்பு," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு டீயைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு எழுந்தார். பாதிகூடக் குடித்திருக்கவில்லை. வேகமாக லாரிகள் நின்ற பக்கம் நடந்தார். சுருளிவேலும் ஜக்கம்மாளும் பின்னால் ஓடினார்கள்.

வாங்கியவர் திண்டுக்கல் பேகம்பூரைச் சேர்ந்த பக்ருதீன். வாராவாரம் வருகிற பெரிய வியாபாரி. கனத்த உடம்பு, மருதாணி போட்ட தாடி. ஏற்ற வேண்டிய ஆடுகளைப் புளியமரத்தடியில் நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் ஒரு செவலைத் தலை நிமிர்ந்து ஜக்கம்மாளைப் பார்த்துக் கத்தியது.

வேலுசாமி அவரைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். கிடாயைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வாரம் இரண்டாக ஓட்டி வந்து தருவதாகச் சொன்னார். பக்ருதீன் கோபப்படவில்லை. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி முடித்த வியாபாரத்தைக் கலைப்பது சந்தை வழக்கத்தில் இல்லை என்றார். அதோடு, மதுரையில் ஒரு கல்யாண வீட்டுக்கு இத்தனை உருப்படி என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வேலுசாமி மறுபடியும் கேட்டார். அதற்குப் பிறகும் கேட்டார். ஒரு கையால் மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்று கேட்டார்.

அண்ணன் ஒருவரிடம் அப்படி நின்று சுருளிவேல் பார்த்ததில்லை. இடம் கிடைப்பதற்கு முன், இண்டர்வியூவுக்குத் துணையாக மதராஸ் வந்த அன்று, இங்கிலீஷில் பேசிய ஆபீஸர் முன்னால்கூட நிமிர்ந்துதான் நின்றார். சுருளிவேலுக்கு, டீக்கடையில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் கிடாயையும் படத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

"போதும்ணே, வாங்க," என்று அழைக்க வாயெடுத்தான். அதற்குள் ஜக்கம்மாள் அவன் கையிலிருந்த கேமரா ஸ்டாண்டைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். செவலை எதுக்கு வீட்டுக்குத் திரும்பி வரணும்?"

கதை அப்படி என்றான். வாத்தியார் பார்த்துச் சரி சொன்ன கதை.

"வாத்தியார் ஆடு வளர்த்திருக்காரா? காணாப் போன ஆடு வரப்புல தானா நடந்து வந்து நான் பாத்ததில்ல. நாம வளத்த கிடா எல்லாம் இங்கதான் வந்துச்சு. இதை எடுங்க."

"எதை?"

"உங்க அண்ணன் விக்கிறதை."

சுருளிவேல் கூட்டத்தைப் பார்த்தான். புளியமரத்தின் கிளைகளுக்கு ஊடாக வெயில் சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. புழுதியில் அது பட்டை பட்டையாகத் தெரிந்தது. தன்னை அறியாமலே லைட் மீட்டரை எடுத்து நீட்டிப் பார்த்தான். அளவு நன்றாக இருந்தது. வாத்தியார் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முப்பது அடி போனால் போனதுதான். இன்னொரு அடி கிடையாது. ஆனால் நான்கு நாட்களாக அந்த வரப்புக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் மனதில் ஏதோ ஒன்று ஒட்டாமல் இருந்ததே, அது இதுதானோ என்று பட்டது.

பக்ருதீனிடம் போய்ச் சொன்னான். ஆட்டைத் திருப்பித் தர வேண்டாம். முடித்த வியாபாரத்தை ஒருமுறை மறுபடி முடித்துக் காட்டினால் போதும்.

பக்ருதீன் தாடியைத் தடவிக்கொண்டார். இது எந்தக் கொட்டகையில் ஓடும் என்று விசாரித்தார். எந்தக் கொட்டகையிலும் ஓடாது, பரீட்சைக்கு வாத்தியார்கள் மட்டும் பார்ப்பார்கள் என்று அவன் உள்ளதைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாரி புறப்படக் கால் மணி நேரம் இருக்கிறது என்றார்.

செவலையைக் கூட்டத்திலிருந்து பிரித்து வந்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. வாங்கிய ஆடுகளுக்குப் பக்ருதீனின் ஆட்கள் இடது விலாவில் சாயக்குறி போட்டிருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாவிட்டாலும் கறையாகத் தெரியும். விற்பதற்கு முன்பே விற்ற குறி எப்படி வரும்? சுருளிவேல் தலையில் கை வைத்தான். ஜக்கம்மாள் கிடாயின் கொம்பைப் பிடித்து அப்படியே திருப்பி நிறுத்தினாள். வலது பக்கம் கேமராவுக்கு வந்தது.

"கயிறு," என்றாள் கணவனைப் பார்த்து.

விற்றவன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்வது வழக்கம். வேலுசாமி மடியிலிருந்து அதை எடுத்து மறுபடி செவலையின் கழுத்தில் கட்டினார். சட்டை புதிது, படத்தில் இதுவரை சட்டையே இல்லையே என்று சுருளிவேல் சந்தேகப்பட்டான். சந்தைக்கு வருகிறவன் சட்டை போடாமல் வருவானா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதோடு துண்டை வாங்கிக் கணவனின் இடது தோளில் அவளே போட்டுவிட்டாள்.

கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் கேமராவையே பார்த்தார்கள். வியாபாரம் நடக்கிற இடத்தில் ஊரே பெட்டியை முறைத்தால் காட்சி வீண். பக்ருதீன் விரட்டியும் யாரும் அசையவில்லை. ஜக்கம்மாள் கிடாய்க்குப் பின்புறமாகப் போய் நின்று, இந்தக் கிடாய்க்கு எத்தனை பல் என்று சரியாகச் சொல்கிறவர் யார் என்று பொதுவாகக் கேட்டாள். நின்றவர்கள் அத்தனை பேரும் பல்லை எண்ணி வயது சொல்கிற ஆட்டுக்காரர்கள். ஒருவர் இரண்டு என்றார். இன்னொருவர் நாலு என்றார். அத்தனை கண்ணும் செவலையின் வாய்க்குப் போனது.

சுருளிவேல் கேமராவுக்குச் சாவி கொடுத்தான். முதலில் பக்ருதீனின் துண்டுக்கு அடியில் இருக்கிற கைகளை மட்டும் எடுப்பதாகத்தான் நினைத்திருந்தான். அதற்குள் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற மதினியின் குரல் மெதுவாக வந்தது. முகங்களையும் சேர்த்து எடுக்க வேண்டும். கை பேசுவது முகத்தில்தான் தெரியும்.

துண்டுக்குள் விரல்கள் அசைந்தன. பக்ருதீன் கண்ணைச் சுருக்கினார். வேலுசாமி இல்லை என்று தலையசைத்தார். மறுபடி விரல்கள். வேலுசாமி ஒரு கணம் கிடாயைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். இருபது விநாடி.

இரண்டாவது சாவி. கேமராவைக் கிடாயின் உயரத்துக்கு இறக்கினான். அண்ணன் குனிந்து கயிற்றை அவிழ்க்க வேண்டும். பக்ருதீன் கிடாயை ஓட்டிச் செல்ல வேண்டும். அவ்வளவுதான் சொல்லியிருந்தான்.

வேலுசாமி குனிந்தார். முடிச்சு சுலபமாக அவிழ்ந்தது. ஆனால் கை அதன் கழுத்திலேயே நின்றது. செவலை அவர் சட்டைப் பொத்தானை நக்கிப் பார்த்தது. அவர் அதன் தாடையைத் தூக்கி, காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒரு உண்ணியைப் பிடுங்கிப் போட்டார். அது அவன் சொல்லிக்கொடுக்காதது. பிறகுதான் கையை எடுத்தார். கிடாய் நகர்ந்து போனது. அவர் நிமிர்ந்து, காலிக் கயிற்றை நான்காக மடித்துக்கொண்டு அது போன திசையைப் பார்த்தபடி நின்றார். கேமராவுக்குள் பிலிம் தீர்ந்து படபடவென்று அடித்துக்கொள்ளும் வரை அவர் திரும்பவில்லை.

சுருளிவேல் கண்ணை எடுத்தபோது எதிரே எல்லாம் கலங்கித் தெரிந்தது. நேரே அண்ணனிடம் போனான்.

"நான் பேசுனது தப்புண்ணே."

"என்னத்தப் பேசுன?" வேலுசாமி கயிற்றை மடியில் செருகினார். "பாதி டீய விட்டுட்டு வந்துட்டேன். கடைக்காரன் இந்நேரம் கொட்டியிருப்பான். வா, போயி ஆளுக்கொரு டீ குடிப்போம்."

மிட்டாய்ப் பொட்டலத்தை இந்தமுறை அவன் வாங்கிக்கொண்டான். மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து தின்றார்கள். ஜக்கம்மாள் விரலில் ஒட்டிய பாகை நக்கிக்கொண்டே, செவலைக்கு நாலு பல் என்றவர்தான் சரி என்று அறிவித்தாள்.

லாரி புறப்படும் நேரத்தில் பக்ருதீன் அவர்களைத் தேடி வந்தார். சுருளிவேலைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனார். அவருக்கு நர்கீஸ் என்று ஒரு மகள். போன வருடம் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு வீட்டில் இருக்கிறாள். மாமன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த போட்டோப் பெட்டியை வைத்துக்கொண்டு பூனை, மாடிப்படி, அம்மா கோழி அறுப்பது என்று ஒன்று விடாமல் எடுக்கிறாள். கழுவிய படங்களைப் பார்த்த ஸ்டூடியோக்காரர் யார் எடுத்தது என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டாராம்.

"அந்தக் காலேஜுல பொம்பளப் புள்ளைகளச் சேப்பாகளா தம்பி?"

தன் வகுப்பில் பெண்கள் யாரும் இல்லை, ஆனால் சேர்க்க மாட்டார்களா என்பது தெரியாது, கேட்டு எழுதுகிறேன் என்றான். அடுத்த வியாழக்கிழமை இதே புளியமரத்தடியில் நிற்பேன், அண்ணனிடம் பதில் சொல்லி அனுப்பு என்று சொல்லிவிட்டு பக்ருதீன் லாரியில் ஏறினார். செவலை இருந்த பக்கத்தை ஜக்கம்மாள் பார்க்கவில்லை. வேலுசாமி பார்த்தார்.

மத்தியானத்துக்கு மேல் அண்ணனும் தம்பியுமாக வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். காலேஜுக்குப் போன பிறகு மடை திருப்ப மறந்திருப்பான் என்று வேலுசாமி நினைத்தார், மறக்கவில்லை. சிறுமலைப் பக்கமிருந்து காற்று குளிர்ச்சியாக வந்தது. வெயில் தாழ்வதற்குள் கடைசிப் பாத்தியும் நனைந்துவிட்டது.

சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தார்கள். வெளிச்சம் இன்னும் வாசலில் கிடந்தது. கம்மஞ்சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும். சுருளிவேல் முதலில் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு, பிலிம் டப்பாவைச் சுற்றி நாடா ஒட்டி, கறுப்புத் துணியில் பொதிந்து பெட்டியில் வைத்தான். பிறகு நோட்டைப் பிரித்து, மதராஸ் போனதும் கேட்க வேண்டியது என்று தலைப்புப் போட்டு, பக்ருதீன் மகள் விஷயத்தை எழுதினான். எழுதியதை வாய்விட்டுப் படித்தான்.

ஜக்கம்மாள் கணவனுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குக் கீழ இன்னொண்ணும் எழுதிக்கங்க தம்பி," என்றாள். "கல்யாணம் ஆனவுகளும் சேரலாமான்னு."

யாருக்கு என்று கேட்க வந்த சுருளிவேல் பேனாவைப் பிடித்தபடி அண்ணனைப் பார்த்தான். வேலுசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு கவளம் உருட்டினார், வாயில் போடவில்லை. வெளியே தாய் ஆடு ஒன்று கத்தி ஓய்ந்தது.

"எட்டாவது படிச்சிருந்தாப் போதுமான்னும் சேத்து எழுது," என்றார் கடைசியில்.

ஜக்கம்மாள் நிமிரவில்லை. அகப்பையால் வெஞ்சனத்தை அள்ளி அவர் தட்டில் வைத்தாள்.

"எட்டாவது இல்ல," என்றாள். "ஒம்பதாவது பாதி வருசம் போயிருக்கேன்."